மில்லிமீட்டர் அக்காவும் ஆறிய தண்ணீரும்

மில்லிமீட்டர் அக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டைத் தவிர அது வேறெங்கும் புழங்கவில்லை. வாட்ச்மேனிலிருந்து தலைமை டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் மில்லிமீட்டர் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த கேன்டீன்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. ஒவ்வொருவரையும் பிடித்துத் திருத்துகிற நேரத்தில் நாலு படம் அளந்துவிடலாம் என்று தோன்றியதும் விட்டுவிட்டாள்.

அவள் உத்தியோகமே அளப்பதுதான். மனிதர்களின் மூளைமேல் ஓடுகிற ரத்தக்குழாய்களின் அகலத்தை, போட்டோவில், பூதக்கண்ணாடி வைத்து அளக்க வேண்டும். இதைச் சொன்னால் விருந்து வீடுகளில் யாரும் நம்புவதில்லை. "அது சரி, வேலைக்கு எங்க போறீங்க?" என்று மறுபடியும் கேட்பார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கிற அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "ஆஸ்பத்திரியில ஆபீஸ் வேலைங்க" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவார். அக்கா அவரை முறைப்பாள். அவர் தட்டைப் பார்ப்பார்.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் வரைபட அலுவலகத்தில் ஆறுகளை அளந்துகொண்டிருந்தாள். எந்த வளைவில் ஆறு எவ்வளவு அகலம், எந்த இடத்தில் கிளை பிரிகிறது என்று வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையை ஒருநாள் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இவளைக் கோப்பு அடுக்கச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் 'கூர்மையான கண்ணும் நிறையப் பொறுமையும் உள்ள ஒருவர் தேவை' என்று மூளை சர்ஜன் ஒருவர் கொடுத்த விளம்பரம் கண்ணில் பட்டது. பொறுமை கொஞ்சம் குறைவுதான், ஆனால் அது நேர்முகத் தேர்வில் தெரியாது என்று கிளம்பிப் போனாள்.

சர்ஜன் கதவு நிலையில் இடித்துக்கொள்கிற அளவு உயரம். ஆபரேஷன் மேஜையில் மயிரிழை பிசகாத அவர் கை, வெளியே வந்தால் ஒரு டீ டம்ளரை ஒழுங்காகப் பிடிக்காது. அவர் ஒரு படத்தை அக்கா முன்னால் வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். ரோஜா நிறத் தரையில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் கிளை கிளையாக ஓடின. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, இது எந்த ஊர் ஆறு என்று கேட்டாள்.

"ஊர் இல்லம்மா. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோட தலை" என்றார் சர்ஜன்.

அக்கா படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். ரத்தம் என்றால் அவளுக்கு ஆகாது. காய் நறுக்கும்போது விரலில் பட்டுவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இருந்தாலும் கண் சும்மா இருக்குமா? இந்தக் கிளை வளைவுக்கு மேலே இருப்பதைவிட வளைவுக்குக் கீழே கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சர்ஜன் அளந்து பார்த்தார். ஒடுங்கித்தான் இருந்தது. அன்றைக்கே வேலை கிடைத்தது.

அவளுக்குக் கொடுத்த அறை, ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகள் அடுக்கியிருந்த அறை. ஜன்னல் கிடையாது. உள்ளே விளக்கு எரிகிற ஒரு பால்கண்ணாடிப் பெட்டி, அளவுக்கோடு போட்ட பூதக்கண்ணாடி, சாய்ந்தால் கத்துகிற நாற்காலி, அவ்வளவுதான் சொத்து. சர்ஜன் வந்தால் பிஸ்கட் தூளைப் படங்கள்மேல் உதிர்ப்பார் என்பதால், 'தின்பண்டத்துடன் உள்ளே வராதீர்கள்' என்று எழுதி ஒட்டினாள். சர்ஜன் அதைப் படித்துவிட்டு, வாசலில் நின்று தின்று முடித்துவிட்டு வருவார்.

சர்ஜனுடைய ஆராய்ச்சி வலிப்பைப் பற்றியது. வலிப்பு வருவதற்கு முன் மூளையின் ரத்தக்குழாய் திடீரென்று சுருங்கி இறுகிக்கொள்கிறது, ரத்தம் குறைகிறது, பட்டினி போட்ட மூளை கோபித்துக்கொண்டு உடம்பையே உலுக்கிவிடுகிறது என்பது அவர் கட்சி. அது உண்மையானால் வைத்தியமும் சுலபம். குழாயை இறுக்குகிற நரம்பு கழுத்து வழியாகத்தான் மேலே ஏறுகிறது. அதைக் கழுத்திலேயே வெட்டிவிட்டால் குழாய் இறுகாது, வலிப்பும் வராது. மூளையைத் தொடவே வேண்டாம்.

இதை நிரூபிக்கத்தான் படங்கள். வலிப்புக்காக மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்கிறபோது நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார். மூளைக்கு வலி தெரியாது. எந்த இடத்திலிருந்து வலிப்பு கிளம்புகிறது என்று பார்க்க, மெல்லிய மின்சாரத்தால் சர்ஜன் அங்கங்கே தொட்டுப் பார்ப்பார். சிலருக்கு அப்போதே வலிப்பு கிளம்பிவிடும். மேலே தொங்குகிற கேமரா, வலிப்புக்கு முன்னும் வலிப்பின்போதும் படம் எடுக்கும். அந்தக் கேமராவை இயக்குகிற படக்காரர் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு, வெறும் எண் மட்டும் எழுதி அக்காவிடம் தருவார். எது முன்னால் எடுத்தது, எது வலிப்பின்போது எடுத்தது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். அளந்து முடித்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். அக்கா ஆசைப்பட்டாலும் தப்பு செய்ய முடியாத ஏற்பாடு.

அக்காவுக்கு ஆசை இருந்தது. நிறையவே இருந்தது. அதற்குக் காரணம் அவள் தம்பி.

தம்பி முடிவெட்டுகிறவன். சொந்தமாகச் சின்னக் கடை, ஒரு நாற்காலி, மூன்று பக்கமும் கண்ணாடி. வாய் ஓயாது. அவன் பேச்சைக் கேட்பதற்காகவே முடி வளராதவர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இருபத்தெட்டாவது வயதில் ஒரு விபத்தில் தலையில் அடிபட்டது. ஆறு மாதம் கழித்து வலிப்பு ஆரம்பித்தது. ஒரு தபால்காரருக்குப் பாதி முகம் சவரம் செய்திருந்தபோது தம்பி கத்தியோடு கீழே விழுந்தான். தபால்காரருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் மறுபாதி சோப்பு நுரையோடு அவர் தெரு முழுக்க ஓடியதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு யார் வந்து கழுத்தை நீட்டுவார்கள்? கடையை மூடிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். சமைத்தான், துணி மடித்தான், மாமாவின் மீசை ஒருபக்கம் இறங்கியிருப்பதைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் வெந்தான்.

மாத்திரைகள் அவனுக்கு அரைகுறையாகத்தான் கேட்டன. மற்றவர்களுக்குச் செய்வதுபோல வலிப்பு கிளம்புகிற இடத்தை வெட்டி எடுக்கவும் வழியில்லை. அவனுக்கு அது இடது கைப் பெருவிரலை ஆட்டி வைக்கிற இடத்திலிருந்து கிளம்புகிறது. அதை எடுத்தால் கை போய்விடும். ஆகவே கழுத்து ஆபரேஷன்தான் அவனுக்கிருந்த ஒரே நம்பிக்கை. அதற்கு சர்ஜன் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். நாலு வருஷமாக, முப்பத்தோரு பேருடைய படங்களை, கண் எரிய எரிய அக்கா அளந்தது இதற்குத்தான்.

அளவுகளும் அவளை ஏமாற்றவில்லை. உறையைப் பிரிக்கப் பிரிக்க, வலிப்பின்போது எடுத்த படங்களில் குழாய் ஒடுங்கியிருந்தது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் எட்டுப் பங்கு இருந்த அகலம் ஆறு பங்கு ஆகியிருந்தது. ஒரே ஒருவர் படத்தில் மட்டும் ஒடுங்கவில்லை. அதை விதிவிலக்கு என்று தனியாக எடுத்து வைத்தார் சர்ஜன். கழுத்து ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்தது. முதல் ஆளாகத் தம்பியின் பெயரை எழுதினார்கள். அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை. அடுத்த மாதம் வெளிநாட்டு மாநாட்டில் சர்ஜன் கட்டுரை வாசிப்பதாகவும் முடிவானது. தம்பி புதுக் கத்திரிக்கோல் ஒன்று வாங்கி, அதைத் தினமும் துடைத்து வைத்தான்.

அக்காவுக்கு ஒரு ரகசிய விளையாட்டு உண்டு. உறையைப் பிரிப்பதற்கு முன்பே, இது வலிப்புப் படம், இது இல்லை என்று பென்சிலால் ஓரத்தில் புள்ளி வைத்துக்கொள்வாள். குழாயின் ஒடுக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இரண்டு வருஷமாக ஒரு புள்ளிகூடத் தப்பியதில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது. தம்பியின் பெயரை எழுதிய அடுத்த திங்கட்கிழமை மூன்று புள்ளிகள் தப்பின. உறையைப் பிரித்தால், அந்த மூன்றும் எல்லாம் முடிந்த பிறகு, ஃபிலிம் மிச்சமிருக்கிறதே என்று படக்காரர் சும்மா எடுத்தவை. நோயாளிக்கு அப்போது வலிப்பே இல்லை. செவிலியரோடு பேசிக்கொண்டிருந்தாராம். குழாய் மட்டும் ஒடுங்கிக் கிடந்தது.

வலிப்பின் மிச்சமாக இருக்கும் என்றார் சர்ஜன். இருக்கலாம்தான். ஆனால் தோற்றவளுக்கு மனசு ஆறவில்லை. தான் ஏன் ஏமாந்தோம் என்று தெரிந்தாக வேண்டும். நாலு வருஷத்தில் ஒருமுறைகூட ஆபரேஷன் அறைக்குள் எட்டிப் பார்க்காதவள், மறுநாள் பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். அங்கே பொறுப்பாக இருந்த சிஸ்டர், மயக்கம் வந்தால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று முன்கூட்டியே காட்டி வைத்தாள்.

அக்கா மூளையைப் பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். ஆரம்பத்தில் ஒரு ஸ்டீல் பாத்திரத்தில் உப்புத் தண்ணீரை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் கொஞ்சம் எடுத்து மூளையின் மேல்பரப்பைக் கழுவி முதல் படம் எடுத்தார்கள். பிறகு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு முழங்கால் வரை விறைத்தது. கடைசியில் நோயாளிக்கு வலிப்பு கிளம்பியபோது, யாரோ "கழுவு, கழுவு" என்றார்கள். அதே பாத்திரத்திலிருந்து தண்ணீரை எடுத்து மூளைமேல் பாய்ச்சினார்கள். கேமரா கிளிக் என்றது. மறுபடி கழுவினார்கள். மறுபடி கிளிக்.

எல்லாம் முடிந்து நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு போன பிறகு, அக்கா அந்தப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"எதுக்கு சிஸ்டர் ஒவ்வொரு படத்துக்கும் கழுவுறீங்க?"

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? ரத்தம் பட்டு மங்கலா இருக்கு, இப்படி அனுப்புனா அளக்க மாட்டேன்னு முதல் வருஷம் சத்தம் போட்டீங்களே. அன்னையிலேர்ந்து உங்களுக்காகத்தான் கழுவுறோம்."

அக்காவுக்கு ஞாபகம் வந்தது. சத்தம் போட்டது மட்டுமல்ல, ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினால் விரல் வெளுத்து, மோதிரம் தானாக நழுவுவது அவளுக்குத் தெரியும். விரலுக்கே அப்படி என்றால், வாழ்நாளெல்லாம் மண்டைக்குள் சூடாகக் கிடந்த ஒரு குழாய்க்கு எப்படி இருக்கும்? வலிப்பு குழாயை இறுக்கவில்லை. ஆறிய தண்ணீர் இறுக்கியது. அந்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னதும் அவள்தான்.

அப்போது மயக்கம் வந்தது. சிஸ்டர் காட்டிய பக்கமாகவே விழுந்தாள்.

அன்றிலிருந்து மூன்று நாள் அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. இதை இங்கே மூடி மறைப்பதற்கில்லை. நேர்மையின் சின்னம் என்று அவளைத் தூக்கி வைக்கிறவர்கள் இந்த மூன்று நாளையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நான் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். காரணம் தப்பாக இருந்தாலும் வைத்தியம் பலித்துவிடாதா என்று நினைத்தாள். தலைவலிக்கு எதை எதையோ தடவுகிறோம், போகத்தானே செய்கிறது? வீட்டில் தம்பி, கடையை மறுபடி திறந்தால் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டான். அவள் பச்சை என்றாள். பச்சை நிறத்தில் முகம் நோயாளி மாதிரி தெரியும், வேறு சொல் என்றான். அக்கா எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவளை மாற்றியது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை காலை தம்பி கண்ணாடி முன் நின்று, கழுத்தில் எந்த இடத்தில் வெட்டுவார்கள் என்று காட்டச் சொன்னான். அவள் விரலை வைத்துக் காட்டினாள். விரலடியில் நாடி அடித்தது. ஒன்றுமில்லாததற்காக இந்த இடத்தில் கத்தி வைக்கவிடுவதா என்று விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். பஸ் பிடித்து நேராக சர்ஜன் அறைக்குப் போனாள்.

சர்ஜன் முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு பிஸ்கட்டை எடுத்தவர் அதைத் தின்ன மறந்தார். கோபப்படுவார் என்று அக்கா எதிர்பார்த்தாள். கொஞ்சம் கோபப்பட்டால் நன்றாயிருக்குமே என்றுகூட இருந்தது. அவர் எழுந்து போய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கோப்பை உருவினார். தனியாக எடுத்து வைத்த விதிவிலக்கு. பதினேழாவது நோயாளி.

"அன்னிக்கு நான் பாத்திரத்தைத் தட்டிவிட்டுட்டேன்" என்றார். "வலிப்பு வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் சிஸ்டர் புதுசா சூடாக் கொண்டுவந்தாங்க. எல்லாரும் என்னைத் திட்டினாங்க."

 திங்களும் செவ்வாயும் இரண்டு ஆபரேஷன்கள் இருந்தன. இந்த முறை இரண்டு பாத்திரங்கள். ஒன்று வழக்கம்போல ஆறியது. இன்னொன்றைச் சுடுநீர்த் தொட்டிக்குள் வைத்து, சிஸ்டர் வெப்பமானியோடு காவல் காத்தாள். படக்காரர் எல்லாவற்றையும் கலைத்து எண் போட்டார். செவ்வாய் மதியத்திலிருந்து அக்கா அளந்தாள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை அளந்தாள். ஓரத்தில் புள்ளி எதுவும் வைக்கவில்லை.

புதன்கிழமை மதியம் உறையைப் பிரித்தார்கள். சர்ஜன் பரீட்சை முடிவு பார்க்க வந்த பையனைப்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆறிய தண்ணீர் பட்ட படங்களில் எட்டு, ஆறு ஆகியிருந்தது. வலிப்பு இருந்தாலும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் அப்படித்தான். சூடான தண்ணீர் பட்ட படங்களில், வலிப்பின்போது குழாய் ஒடுங்கவே இல்லை. எட்டு ஒன்பதாகி, கொஞ்சம் விரிந்திருந்தது.

"ஆக," என்றார் சர்ஜன் மெதுவாக, "நாலு வருஷமா நாம கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சது, நம்ம தண்ணி ஆறிப்போச்சுங்கறதைத்தான்."

சொல்லிவிட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அழுகிறவர்களிடம் என்ன செய்வது என்று தெரியாத மனிதர், பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். படங்கள்மேல் தூள் விழுந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

அவர் அன்றைக்கே மாநாட்டுக்குக் கடிதம் எழுதினார். கட்டுரையை விலக்கிக்கொள்வதாகவும், எங்கே பிசகினோம் என்பதை வேண்டுமானால் வந்து சொல்வதாகவும். கழுத்து ஆபரேஷன் பட்டியலைத் தானே கிழித்துப் போட்டார். பிறகு, கொஞ்சம் குளிர்ச்சி பட்டதற்கே குழாய் இப்படி இறுகுகிறதென்றால், தலைக்குள் ரத்தம் கசிந்தவர்களுக்கு அது எப்படி இறுகும் என்று யோசிக்க ஆரம்பித்து, அந்த யோசனையிலேயே கதவு நிலையில் இடித்துக்கொண்டு வெளியே போனார். அவருக்கு அடுத்த ஆராய்ச்சி கிடைத்துவிட்டது. தம்பியிடம் தானே சொல்வதாக அவர் முன்வந்தபோது, வேண்டாம், நானே சொல்கிறேன் என்றாள் அக்கா.

எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் மூன்று விதமாக யோசித்தாள். வீட்டு வாசலில் மூன்றும் மறந்துபோயின. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். தம்பி மாலையில் ஆஸ்பத்திரியில் போய்ச் சேருவதற்காகப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பாத்திரம், ஏசி, எட்டு, ஆறு, ஒன்பது எல்லாம்.

"அப்ப நாளைக்கு இல்லையா?"

"இல்லடா. எப்பவுமே இல்ல."

"கழுவச் சொன்னது யாரு?"

"நான்தான்."

தம்பி பையிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தான். மடிப்பு கலையாமல் வைத்தான். கடைசிச் சட்டையை வைத்துவிட்டு, "நாலு வருஷம்க்கா" என்றான்.  வாய் ஓயாத பிள்ளை அவ்வளவோடு நிறுத்திக்கொண்டது, அக்காவுக்கு நாலு அறை விட்டதைவிட மோசமாக இருந்தது.

ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அலமாரியிலிருந்து தம்பியின் வலிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சர்ஜனுக்காக அவள் எழுதிவந்த நோட்டு. வந்த தேதி, பெருவிரல் துடிக்க ஆரம்பித்த நேரம், நினைவு தப்பிய நேரம், தெளிந்த நேரம் என்று இருநூற்றுச் சொச்சம் வரிகள். ஒவ்வொரு முறையும் விரல் துடித்ததும் தம்பி கூப்பிடுவான், அவள் கடிகாரத்தோடு ஓடிவருவாள், அவள் இல்லாத நேரம் மாமா ஓடிவருவார். வலிப்பு எத்தனை நிமிஷம் இருந்தது என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். துடிப்புக்கும் விழுவதற்கும் நடுவில் எத்தனை நேரம் என்று யாரும் கேட்டதில்லை, அவள் உட்பட. கழுத்து ஆபரேஷன் வரப்போகிறதே, அது எதற்கு? இப்போது விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாகக் கழித்துப் பார்த்தாள். அரை மணி நேரம் ஆனது. தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் தபால்காரர் வந்த அன்னிக்கு உனக்கு விரல் துடிச்சுதா?"

தம்பி சுவரிலிருந்து பார்வையை எடுத்து அவள் பக்கம் திரும்பினான். பிறகு, "துடிச்சுது" என்றான். "பாதி முகத்தோட ஒரு ஆளை எப்படிக்கா உக்கார வைக்கிறது? சீக்கிரம் முடிச்சிரலாம்னு பார்த்தேன்."

"கத்தியோ கத்திரியோ, கீழ வைக்க எத்தனை செகண்டு ஆகும்?"

"ஒண்ணு."

"உனக்கு முப்பத்தினாலு இருக்கு. இதுவரைக்கும் அதுக்குக் கீழ ஒரு தடவைகூட இறங்கினதில்ல."

அக்கா எழுந்து சமையலறை முக்காலியை இழுத்துப் போட்டு, தோளைச் சுற்றித் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்பு வரை தொங்குகிற கூந்தலை அவிழ்த்துவிட்டாள். தம்பி முடியாது என்றான். சவரக் கத்தி வேண்டாம், கத்திரிக்கோல் போதும் என்றாள் அவள். பைத்தியமா உனக்கு என்றான். அவள் திரும்பிப் பார்க்காமல், கழுத்தை நேராக வைத்து உட்கார்ந்தே இருந்தாள். கடைசியில் முதுகுக்குப் பின்னால் புதுக் கத்திரிக்கோல் உறையிலிருந்து வெளியே வருகிற சத்தம் கேட்டது.

முதல் ஐந்து நிமிஷம் அவன் நுனி முடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினான். பிறகு கத்திரி வேகம் பிடித்தது. பிறகு, பழைய கடையில்போல, பேச்சு ஆரம்பித்தது. உன் முடியில் பாதி ஏன் செத்துக் கிடக்கிறது, எந்த எண்ணெய் தடவுகிறாய், மாமாவின் மீசையை நாளைக்கே ஒரு வழி செய்ய வேண்டும் என்று வாய் ஓடிக்கொண்டே போனது. வலது பக்கம் தோள் வரை வந்துவிட்டது. இடது பக்கத்துக்கு நகர்ந்தான். அங்கே பேச்சு நடுவில் நின்றது.

"அக்கா. துடிக்குது."

கத்திரிக்கோல் மேஜைமேல் வைக்கப்பட்டது. அவசரமில்லாமல், நுனி சுவர்ப்பக்கமாக. தம்பி பாயை உதறிப் போட்டு, ஒருக்களித்துப் படுத்தான். தலையணையைக்கூடச் சரிசெய்துகொண்டான். பிறகுதான் வலிப்பு வந்தது. இரண்டு நிமிஷம் உலுக்கிவிட்டு, வந்த வழியே போனது. அவன் அயர்ந்து தூங்கினான். ஒரு பக்கம் தோளோடும் மறுபக்கம் இடுப்போடும் தொங்குகிற முடியோடு, அக்கா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று அவளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டீ போடப் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தம்பி கண்ணைத் திறந்தான். எங்கே இருக்கிறோம் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பதறிப்போய் அக்காவின் தலையைப் பார்த்தான்.

"உன் காது?"

"ரெண்டும் இருக்கு" என்றாள் அக்கா. "எந்திரிச்சு முகத்தைக் கழுவிட்டு வந்து மீதியை வெட்டு."